இரும்பு இல்லாத மாவு

"அண்ணே, என் மாவுல எதைக் கலந்தீங்க?"

ஆய்வுக்கூடத்தில் மாவு கிண்டுவது என் வேலை. உள்ளே நுழைந்ததுமே டாக்டரம்மா பிடித்துக்கொண்டார்.

அது சியோலைட் என்னும் வெள்ளை மாவு. உள்ளே எங்கும் நுண்ணிய துளைகள். துளையில் துளி இரும்பை வைத்தால், எரிவாயுவை முழுக்க எரிக்காமல் பாதியில் நிறுத்தி ஆல்கஹாலாக மாற்றும், சில நுண்ணுயிர்களின் உடம்பிலுள்ள நொதியைப் போல. நான் பாதியில் நிறுத்தினால் மட்டும் சோம்பேறி. டாக்டரம்மாவோ இரும்பே போடாமல் அதைச் சாதித்தவர். அதைப் பார்க்க இன்று விஞ்ஞானிகள் வருகிறார்கள். நான் கிண்டிய புது மாவோ வாயுவை மாற்றாமல் பிணம் மாதிரி கிடந்தது.

"என் மானம் போச்சுன்னா உங்க வேலையும் போச்சு."

"எப்பவும் போலத்தாம்மா கிண்டினேன். பெரிய மனுஷங்க வர்றாங்களேன்னு கரண்டியை மட்டும் மாத்தினேன்."

"எந்தக் கரண்டி?"

"பழைய இரும்புக் கரண்டிம்மா. கிண்டக் கிண்டத் துரு உதிருது. பார்க்க அசிங்கமா இருக்குமேன்னு தூக்கிப் போட்டுட்டு மரக்கரண்டி வாங்கினேன்."

அம்மா மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். வாசலில் கார் வந்து நின்றது.

"அண்ணே, ஓடிப்போய்க் குப்பையில இருந்து அதை எடுத்துட்டு வாங்க. யாராவது கேட்டா, டீ கலக்குற கரண்டின்னு சொல்லிடுங்க."