கூந்தல்காரி

"இன்னும் எத்தனை தடவை சுட்டா இவ ஒழிவா, டாக்டர்?"

மனைவி கேட்டது, கணவனின் மேல்கையில் பச்சை குத்தியிருந்த பெண்ணைப் பற்றி. ஒரு சாண் உயரம். தலையை ஒருபக்கம் சாய்த்து, கருகருவென்ற கூந்தலை அவிழ்த்துவிட்டு ஒய்யாரமாகப் பார்ப்பாள். கல்யாணமான மறுநாள் அவன் சட்டையைக் கழற்றியபோதுதான் அந்தச் சக்களத்தி வெளிப்பட்டாள். அன்று பற்றிய வயிற்றெரிச்சல் மூன்று வருடமாகியும் அணையவில்லை.

"யாருமில்லைன்னு ஆயிரம் தடவை சொல்லிட்டேன். கடைக்காரர் ஆல்பத்துல இருந்த படம்," என்றான் கணவன், படுக்கையில் சாய்ந்தபடி.

"ஆல்பத்துல பூ இல்லையா, பறவை இல்லையா? போயும் போயும் இவதான் கிடைச்சாளா?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, லேசர் வெளிச்சத்துக்கான கறுப்புக் கண்ணாடியை அவளிடம் நீட்டினார். "முகம் நாலு தடவையிலேயே போயிடுச்சேம்மா. முடிதான் பாக்கி. அங்கே மை ரொம்ப அடர்த்தி."

"முடி இருந்துட்டுப் போகட்டுமே, டாக்டர். இதோட நிறுத்திக்கலாம்," என்றான் கணவன்.

அவளுக்குச் சுருக்கென்றது.

"பார்த்தீங்களா? முகம் போனப்போ வாயே திறக்கலை. முடியைத் தொட்டா மட்டும் உயிர் போகுது! என் முடியைப் பத்தி ஒருநாளாவது நல்லதா ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா? சாப்பாட்டுல கிடந்தாத்தான் அது இவர் கண்ணுக்கே தெரியும். ஒன்றரை மாசமா வீட்டுலகூட முழுக்கைச் சட்டை. தூங்கும்போதும் கழட்டுறதில்லை. வெளிச்சம் படக்கூடாதாம். அப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்கார் அவளை."

"வெயில் படக்கூடாதுன்னுதானே நான் சொன்னேன்?" என்றார் டாக்டர். பிறகு சமாதானமாக, "விடுங்கம்மா. வெளியில ஒரு தம்பி, கழுத்து முழுக்கக் காதலி பேரைக் குத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கார். அதுக்கு இது தேவலை."

"பேரா? அப்படிப்பட்டவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இவர் முதல்முதலா என்கிட்ட மனசைத் திறந்த அன்னைக்கே சொல்லிட்டேன், கையில பேர் எழுதிக்கிட்டு வந்து நிக்கிறவன் மூஞ்சியிலகூட முழிக்க மாட்டேன்னு."

கணவன் இருமினான். சட்டைக் கையை அவனாக மடிக்கவில்லை. டாக்டர்தான் பொத்தானைக் கழற்றி மேலே ஏற்றி, விளக்கை இழுத்து வைத்துக் குனிந்தார். மிச்சக் கூந்தலைக்கூடப் பார்க்கப் பிடிக்காமல் அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அட!" என்றார் டாக்டர். "கறுப்பு போன இடத்துல சிவப்பு மை தெரியுதே! சிவப்புக்கு வேற லேசர், அதான் இது அப்படியே நிக்குது. எழுத்து மாதிரி இருக்கு... ஆமா, பேருதான். ஒரு பொண்ணு பேரு. இதை மறைக்கத்தான் மேல இவ்வளவு முடி போட்டிருக்காங்க."

மூன்று வருடச் சந்தேகம் நிஜமாகிவிட்டது. படம் வெறும் போர்வை. உள்ளே உண்மையாகவே ஒருத்தி இருந்திருக்கிறாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் கோபம் அதை முந்திக்கொண்டது.

"படிங்க டாக்டர்! யார் அந்த மகராசின்னு தெரிஞ்சுக்கிட்டு, இப்படியே எங்க அம்மா வீட்டுக்குப் போயிடறேன்."

"வேண்டாம் டாக்டர்..." என்றான் கணவன்.

டாக்டர் இன்னும் குனிந்து, எழுத்துக் கூட்டி, அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்தார்.

"என்னை எதுக்குக் கூப்பிடறீங்க?" என்று சீறினாள் அவள். "முதல்ல அந்தப் பேரைப் படிங்க!"