டெனுசன் குதித்த பக்கம்

"எந்த இடத்தில உங்கட தம்பி தண்ணிக்குள்ள போனவர்?"

நவநீத்தான் கேட்டான். இத்தனை வருடத்தில் யாரும் கிறிஸ்துராஜாவிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை. தம்பி டெனுசனின் படத்தை எடுத்துத் தேநீர்க் கடை மேசையில் வைத்தார்.

துருக்கியிலிருந்து கிறீஸுக்குள் களவாக எல்லை ஆற்றைக் கடந்தபோது காணாமல் போனவன் டெனுசன். உடலைக் காணாமல் அவனுக்குச் செத்த பூசை ஒப்புக்கொடுக்க விடமாட்டேன் என்று மன்னாரில் தாய் இன்னும் பிடிவாதமாக இருக்கிறாள். போன ஞாயிறு இங்கே கோலியர்ஸ் வுட் கோயிலில் அவனுக்காக மன்றாடச் சொல்லிக் கேட்ட பிறகுதான் இந்த நவநீத் வந்து பேசினான். அந்த ஆற்றில் போனவர்களைத் தேடிக் கொடுக்கும் அமைப்பில் வேலை என்றான்.

துருக்கி புதுக் கவச வண்டிகள் வாங்கப்போகிறது, கிறீஸும் சும்மா இருக்காது என்று கடை டிவியில் செய்தி ஓடியது. டிவிக்கு என்ன, எதையும் ஒரே குரலில் சொல்லும்.

"ரெண்டு பேரும் அந்த ஆத்துக்கு அங்காலயும் இங்காலயும் நிண்டு முறைக்கினம். நடுவில எங்கட பிள்ளை கிடக்கிறான்," என்றார் கிறிஸ்துராஜா.

நவநீத் டிவியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கோடையில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, ஆளனுப்பும் ஏஜென்சிக்காரன் அண்ணன் தம்பி இருவரையும் மற்றச் சனத்தோடு ட்ராக்டர் பெட்டியில் ஏற்றி ஆற்றில் இறக்கினான். கரையிலிருந்து படையினரின் வெளிச்சம் பட்டதும் டெனுசன் பயந்து குதித்தான். குதித்த பக்கம் ஆழம்.

அந்த இடம் வெளியே தெரிந்தால் பின்னால் வருகிற சனத்துக்கு வழி அடைபட்டுப் போகும் என்று ஏஜென்சிக்காரன் சத்தியம் வாங்கியிருந்தான். அதனால் அகதி விசாரணையில்கூட வேறு இடத்தைத்தான் சொன்னார். மனைவி எமில்டாவுக்கும் தெரியாது.

"ட்ராக்டர் புதையேல்லையோ?"

"இல்லைத் தம்பி. அவ்வளவு சனத்தோடயும் ரோட்டில போற மாதிரிப் போச்சுது. அடியில முழுக்கக் கல்லு."

நவநீத் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து நீட்டினான். ஆறு வளைகிற இடம், கரையில் இடிந்த பம்ப் அறை. கிறிஸ்துராஜா விரலால் சரியான இடத்தைத் தொட்டார்.

"அம்மா கண்மூட முந்தி ஒரு எலும்பாவது கிடைச்சாக் காணும்."

நவநீத் அவர் கையைப் பிடித்து அழுத்தினான். கட்டாயம் கண்டுபிடிப்போம் என்று சொல்லிவிட்டு அவசரமாக எழுந்து போனான்.

கிறிஸ்துராஜாவுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது போலிருந்தது. எமில்டாவுக்குப் போன் எடுக்கப் போனவர், டெனுசனின் படம் மேசையிலேயே கிடப்பதைக் கண்டார். அடையாளம் காண அதுதானே வேண்டும், பெடியன் மறந்துவிட்டானே என்று பதறி, படத்தோடு வெளியே ஓடினார்.

கோலியர்ஸ் வுட் ரயில் ஸ்டேஷன் வாசலில் நவநீத் முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"அண்ணை, கவச வண்டியைத் துருக்கிக்காரனுக்கு விப்பம், அது ஆத்தில இறங்கப்போற இடத்தைக் கிறீஸ்காரனுக்கு விப்பம்."