இணைப்பில் இருங்கள்

2024 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணத்துத் தனியார் வானொலி ஒன்றில், பொதுத்தேர்தலில் தென்னிலங்கைக் கட்சியொன்றின் பெண் வேட்பாளரான ஷெரோனுடன் நேயர்கள் நேரடியாகக் கதைக்கும் நிகழ்ச்சி மாலை ஐந்து மணிக்குத் தொடங்கியது.

முதல் அழைப்பு குருநகரிலிருந்து வந்தது.

“இந்திய இழுவைப்படகு எங்கடை வலையை அறுக்கேக்கை உந்தத் தெற்குக் கட்சி எங்கை நிண்டது? அவங்களுக்கு வோட் கேக்க உமக்கு வெக்கமில்லையோ?”

“உங்கடை கோபம் நியாயம் ஐயா. அதைப் பாராளுமன்றத்திலை கதைக்கத்தான் வோட் கேக்கிறன்.”

“கதைச்சுக் கிழிச்சீர்! கத்திக் கத்தி உமக்குத் தொண்டையும் கட்டிப்போச்சு. உதுக்குள்ளை தேர்தல் ஒரு கேடு!”

அறிவிப்பாளர் கொலின்ஸ் அவசரமாக விளம்பரத்தைப் போட்டான். அழைத்தவர் இணைப்பிலேயே காத்திருந்தார்.

“அக்கா, போன கிழமையும் உந்த மனுசன்தான் உங்களை ஏசினது. வெட்டிவிடட்டோ?”

“வேண்டாம் தம்பி.”

“ஊரெல்லாம் கேக்குது. உங்கடை வோட்டெல்லாம் போகப்போகுது.”

“போனாப் போகட்டும். நான் இந்தக் கட்சியிலை சேர்ந்த நாளிலை இருந்து அப்பா வீட்டிலை என்னோடை ஒரு சொல்லும் கதைக்கிறேல்லை. இஞ்சைதான் கதைக்கிறார்.”

கொலின்ஸ் மற்ற அழைப்புகளை நிறுத்திவிட்டு அந்த இணைப்பைத் திறந்தான்.

அன்று ஆறு மணிச் செய்தி பிந்தித்தான் ஒலிபரப்பானது.