மாரியம்மனுக்கு வந்த பேஜார்

ராஜவேலு நெசவாளி. ஆரணித் தெருவில் பட்டு நூலைப் பாவாக நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க அவனுக்கு வெயில் வேண்டும். மனைவி குணசுந்தரி நடவுக்குப் போகிறவள். மழை பெய்து வயல் நிறைந்தால்தான் அவளுக்குக் கூலி. அரிசிப் பானை காலி. காலையிலேயே இருவரும் மாரியம்மன் முன்னால் கண்ணை மூடி நின்றார்கள்.

அம்மன் இருவர் பேச்சையும் கேட்டிருக்க வேண்டும். வெயிலும் அடிக்கவில்லை, மழையும் பெய்யவில்லை. வானம் நாள் முழுக்க மூடியே கிடந்தது.

சாயங்காலம் ராஜவேலு அடுப்பை எட்டிப் பார்த்தான்.

"இன்னாடி, பத்த வெக்கலியா?"

"பத்த வெச்சு எத்தப் போட்றது? நீ ஒழுங்கா வேண்டிக்கினியா?"

"மனசார வேண்டிக்கினேன். நீதான் கண்ண மூடிகினு தூங்கியிருப்ப."

"யாரு, நானா? உன் பாவு காயணும், வெயிலக் குடு ஆத்தான்னு கதறிகினு நின்னேன்யா!"

ராஜவேலு தலையில் அடித்துக்கொண்டான்.

"நாசமாப் போச்சு," என்றான். "உனக்கு நடவு கெடைக்கணும்னு நான் மழையத்தான் கேட்டுகினு இருந்தேன்."