மரக் கரண்டியின் காம்பு

“ரிப்பேராகி ஓரமா நின்ன வண்டிக்கு இப்ப என்னங்க அவசரம்?” என்று காலையில் கேட்டாள். “சும்மாதான்” என்றான் கணவன். நேற்று காரைக் கழுவி நாலு பக்கமும் படம் எடுத்ததும் சும்மாதானாம்! இப்போது அவன் வண்டிக்கடியில் மல்லாந்து கிடக்கிறான். அவள் டார்ச் பிடிக்கிறாள். கிளட்ச் பிளேட் நடுவில் நிற்பதற்காக, டேப் சுற்றிய மரக் கரண்டிக் காம்பை அதன் துளையில் செருகியிருக்கிறான். அவளுடைய கரண்டி. “இனி நம்ம சமையல்ல கிரீஸ் மணக்கும்” என்கிறாள். “பழகிடும்மா” என்கிறான், அவள் முகத்தைப் பார்க்காமல். வண்டியை விற்க யாரிடம் விலை பேசியிருப்பான்? பிளேட்டை இறுக்கிவிட்டுக் காம்பை உருவுகிறான். ஜாக்கியில் கியர்பாக்ஸை உயர்த்துகிறான். அதன் தண்டு முட்டுகிறது, இடம் தேடுகிறது, சட்டென்று வழுக்கி உள்ளே போகிறது. அவன் பெருமூச்சு விடுகிறான். அவளோ, காலியாக இருக்கும் டிரைவர் சீட்டைப் பார்க்கிறாள். கல்யாணமான புதிதிலிருந்து ஒரு பேச்சு நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பிப்போயிருக்கிறது. “போல்ட்டைக் குடு.” எண்ணெய்க் கை நீள்கிறது. அவள் போல்ட்டை உள்ளங்கைக்குள் இறுக மூடிக்கொள்கிறாள். “வண்டிய வித்துடாதீங்க. எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க.”