மாறிய காந்தம்

“சுருதி ஞானமே இல்லைன்னு என் பொண்ணைக் குழுவை விட்டே துரத்திட்டாங்க,” என்றார் மகளோடு வந்தவர். அவளுடைய கிட்டாரை என் பழுதுபார்க்கும் மேஜையில் வைத்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

கம்பிகளுக்கு அடியில், அவற்றின் அதிர்வை ஒலியாக்கும் காந்தப் பெட்டியான பிக்கப்பைக் கழற்றினேன்.

“உன் மேல தப்பில்லம்மா. மென்மையான காந்தத்தை எடுத்துட்டு, முரட்டுக் காந்தத்தைக் கம்பிக்கு ரொம்பக் கிட்ட வெச்சிருக்காங்க. சத்தம் கணீர்னு வரும். ஆனா கம்பியை இழுக்கும். யார் வாசிச்சாலும் சுருதி விலகும்.”

“எந்தப் பாவி செஞ்ச வேலை? அவன் கை அழுகிப்போகும்,” என்றார் அவர்.

பிக்கப் இருந்த குழியைக் காட்டினேன். புதுப் பெயிண்ட் படாத அந்த இடத்தில் என் கையெழுத்து இருந்தது. இருபது வருடம் முன்பு, கச்சேரிக்கு முதல் நாள், சரிபார்த்துத் தருவதாக இதை என்னிடம் வாங்கிப்போனவர் அவர். மறுநாள் சுருதி விலகி, கிட்டாரை அங்கேயே விட்டு நான் குழுவிலிருந்து வெளியேற, என் இடத்துக்கு வந்தவரும் அவர்தான்.

“யாரு ஆன்ட்டி செஞ்சது?” என்றாள் மகள்.

“அப்பாவைக் கேளும்மா.”

அவர் இரண்டு கைகளையும் மெல்லப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.