யானை கேட்ட மன்னிப்பு

மூட்டை தூக்கும் மாசானத்துக்கு ஐம்பது வயதிலும் பொம்மைப் படம் என்றால் உயிர். நேற்று டிவியில் பார்த்த படத்தில் பலாச்சுளை திருடிய காக்கையிடம், அதை விரட்டியதற்காக யானையே மன்னிப்புக் கேட்டது அவருக்குப் பொறுக்கவில்லை. யாரோடாவது அதைப் பேசிச் சண்டை போட மனம் ஏங்கியது. ஆனால் பார்க்கிறவருக்குப் பிடித்தபடி டிவியே ஆளுக்கொரு கதை செய்து காட்டுகிற காலம். அவருடைய யானையை வேறு யாரும் பார்த்ததில்லை.

கூடச் சுமக்கும் இசக்கியைக் கெஞ்சி வீட்டுக்குக் கூட்டிவந்தார். இருவர் உட்கார்ந்ததைப் பார்த்த டிவி, இருவருக்கும் பிடித்தமாதிரி கதையை மாற்றிவிட்டது. காக்கை திருடவேயில்லை.

"போச்சுலே," என்றார் மாசானம்.

இசக்கி டிவியை அணைத்தார். "நீ வாயால சொல்லுலே."

மாசானம் சொல்லத் தொடங்கினார். பாதியிலேயே இசக்கி துள்ளினார். "கூறுகெட்டவனே, காக்கா மேல என்னலே தப்பு? அது பசியிலல்லா எடுத்துச்சு!"

மாசானத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "பசிச்சா கேக்கணும்லே!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.